வாக்கு என்று நான் எழுதிய பேச்சு

பழவேற்காட்டுக் கோட்டையில் துபாஷி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த நீங்கள் நான்கு பேரும் போன வாரம் என்னைப் பார்க்க வந்தீர்கள். மரியாதைக்கு வந்தீர்கள், சந்தோஷம். பேச்சோடு பேச்சாக உங்களில் ஒருவர் சொன்னார்: "இதுல இன்னா ஐயா கஷ்டம்? அவன் சொல்றத இவனுக்குச் சொல்லணும், இவன் சொல்றத அவனுக்குச் சொல்லணும். நடுவுல நாம ஒரு வாய்க்கா மாதிரி, அவ்ளோதான." மற்ற மூவரும் சிரித்தீர்கள்.

நீங்கள் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வாய்க்காலுக்குக் கையெழுத்துக் கிடையாது. உங்களுக்கு உண்டு. கோட்டையில் எழுதப்படும் ஒவ்வொரு தாளின் அடியிலும் "துபாஷி" என்று போட்டு உங்கள் பெயரை எழுதப்போகிறீர்கள். அந்தப் பெயருக்கு மேலே இருக்கும் வரிகள் ஒரு மனிதனைக் கப்பலில் ஏற்றலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். நயமான புத்திமதி வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள், இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

நான் வேலையில் இருந்த முப்பது சொச்சம் வருஷமும் நாட்குறிப்பு எழுதியிருக்கிறேன். இங்கே நான் சொல்லும் கிழமையும் பிறையும் அதைப் பார்த்துச் சொல்பவை. கோட்டைத் தேதி அதோடு ஒத்துப்போகாத இடங்கள் உண்டு. நமக்குப் பொழுது சாய்ந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடுகிறது, கோட்டையை வைத்திருக்கும் ஒல்லாந்தருக்கு நள்ளிரவில் பிறக்கிறது. நான் இரண்டையும் எழுதி வைத்தேன். நீங்களும் எழுதுங்கள். உங்கள் ஞாபகத்தை நம்பாதீர்கள். அது எப்போதும் உங்களுக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும்.

நான் வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் வருஷம் ஒரு ஸ்பானியரைக் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். ஒல்லாந்தருக்கும் ஸ்பானியருக்கும் அப்போது சண்டை. கீழைக்கடலில் பிடித்த ஒரு கப்பலின் எழுத்தர் அவர். பின்னால் தங்கள் ஆள் ஒருவனை மீட்பதற்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று இங்கே வைத்திருந்தார்கள். ஒல்லியான மனிதர். கோட்டைக்குள் நடமாட விட்டிருந்தார்கள். மட்டமான சோற்றைப் பொறுத்துக்கொள்வார். தப்பான சொல்லைப் பொறுக்கமாட்டார்.

பிடித்த கப்பலின் காகிதங்களைப் படிக்க வேண்டியிருந்ததால், ஸ்பானியச் சொற்களுக்கு ஒரு பட்டியல் தயாரிக்கும்படி கோட்டைத் தலைவர் எனக்கு உத்தரவு போட்டார். எனக்குப் பறங்கி மொழி, அதாவது போர்த்துக்கீசு, நன்றாக வரும். இந்தக் கரையில் ஒல்லாந்தர், செட்டிகள், நம் மரைக்காயர்கள் எல்லோரும் ஒருவரோடொருவர் பேசுவது அதில்தானே. ஸ்பானியமும் அதுவும் பக்கத்து வீட்டுக்காரர்கள். பத்து நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

வாயைப் பற்றிய சொற்களுக்கு வந்தபோது என்னிடம் ஐந்து இருந்தன. லெங்குவா, இதியோமா, லெங்குவாஹே, ஆப்ளா, பலாப்ரா. ஐந்துக்கும் எதிரே 'பேச்சு' என்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. படித்துக் காட்டச் சொன்னார். பேச்சு, பேச்சு, பேச்சு என்று ஐந்து தடவை படித்தேன். மூன்றாவதிலேயே அவர் முகம் மாறிவிட்டது.

"உனக்கு அண்ணன் தம்பி எத்தனை பேர்?" என்று பறங்கி மொழியில் கேட்டார்.

"ஐந்து பேர்."

"ஐந்து பேருக்கும் ஒரே சட்டையா? ஒரே மனைவியா? ஒருவன் செய்த குற்றத்துக்கு இன்னொருவனைத் தூக்கில் போடுவீர்களா?"

பிறகு நாக்கை வெளியே நீட்டி விரலால் தொட்டுக் காட்டினார். இது லெங்குவா. இந்தச் சதையும் அதுதான், இதைக்கொண்டு ஒரு ஜனக்கூட்டம் தலைமுறை தலைமுறையாகப் பேசிவரும் பாஷையும் அதுதான். அவர்கள் நாட்டுக் கப்பல்களில் துபாஷியையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். "நீ கால் முளைத்த நாக்கு" என்றார். இதியோமா என்பது ஒரு தேசத்தின் மொழி, பக்கத்துத் தேசத்து மொழியிலிருந்து வேலி போட்டுப் பிரித்துப் பார்க்கும்போது. காவலுக்கு நின்ற ஒல்லாந்தனையும் தெலுங்குச் சிப்பாயையும் என்னையும் வரிசையாகக் காட்டி, மூன்று இதியோமா என்றார். லெங்குவாஹே என்பது மனதிலிருப்பதை வெளியே கொண்டுவரும் வகை. படித்தவனுக்கு ஒரு வகை, மாலுமிக்கு ஒரு வகை. கொடியசைத்துக் கப்பலுக்குச் சேதி சொல்வதும் ஒரு வகை, அதில் வாயே தேவையில்லை.

கடைசி இரண்டுக்கு வந்தபோதுதான் அவர் குரல் தணிந்தது. ஆப்ளா என்பது வாயிலிருந்து இப்போது வருகிற பேச்சு, அந்த ஊர் வாடையோடு, அந்த நேரத்துக்கு, அந்த ஆளிடம். கேட்டுக்கொள்ளலாம், பதில் சொல்லலாம், மறக்கலாம். பலாப்ரா என்பது சொல். ஒருவன் கொடுத்துவிட்டு அதன்மேல் நிற்கும் சொல்லும் அதுவே.

"பலாப்ராவை வைத்து ஒருவனைத் தூக்கில் போடலாம். ஆப்ளாவை வைத்துப் போடக்கூடாது. போடுகிறார்கள். ஆனால் கூடாது."

பட்டியலைத் திருத்தினேன். நாக்கு, பாஷை; தேசமொழி; மொழிநடை; பேச்சு; சொல், வாக்கு. அழகாகத் திருத்தி எழுதிக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் பாராட்டவில்லை. "பட்டியலில் எழுதிவிட்டாய். மற்ற தாள்களில் எப்படி எழுதுகிறாய் என்று யார் பார்க்கிறார்கள்?" என்றார். கைதிக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று எனக்குப் பட்டது.

மாசி மாதம், பிறை பதினொன்று, வியாழக்கிழமை. விடிந்து பார்த்தால் அவர் படுக்கை காலி. கோட்டைக்குப் பக்கத்து ஏரியின் வடகரைச் சேற்றில் அவருடைய தொப்பி கிடந்தது. யாரோ தோணியில் ஏற்றிக்கொண்டு போய் வடக்கே விட்டிருக்கிறான் என்று கோட்டைத் தலைவர் முடிவு கட்டினார். காலையில் ஏரியில் இருந்த எல்லோரையும் விசாரிக்கச் சொல்லி ஓர் ஒல்லாந்து எழுத்தனையும் என்னையும் துறைக்கு அனுப்பினார்.

நாங்கள் போனபோது முதலில் கரைக்கு வந்த தோணி எல்லப்பனுடையது. முகத்துவாரத்துப் பக்கம் இருக்கும் குப்பத்தில் அவன் வீடு. எனக்கு நெடுநாள் பழக்கம், என் வீட்டுக்கு மீன் கொடுப்பவன். ஒரு காலைத் தண்ணீரில் வைத்து, ஒரு கால் இன்னும் தோணிக்குள் இருக்க, வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா எல்லப்பா, எங்க போன?"

"வடக்கதான் மரைக்காயரே. சுண்ணாம்புக்கொளத்துப் பக்கமா."

"மீனு?"

"ஏது மீனு? ஏதோ கொழம்புக்கு ஆவும்."

அவன் காலடியில் ஈரப் பாசியைப் போட்டு மூடிய கூடையில் இறால் விளிம்பு வரை துள்ளிக்கொண்டிருந்தது.

பழவேற்காட்டில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் இரண்டு பேர் வெளியூர்க்காரர்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். தோணியில் இருப்பவனிடம் எங்கே போனாய் என்று கேட்டால் எந்த மீனவனும் உண்மையான திசையைச் சொல்லமாட்டான். சொன்னால் பாடு கெட்டுவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. தெற்கே போனவன் வடக்கே என்பான், கூடை நிறைய வைத்திருப்பவன் ஒன்றுமில்லை என்பான். கேட்கிறவனும் பதிலுக்காகக் கேட்பதில்லை. சௌக்கியமா என்று கேட்பதுபோல ஒரு கேள்வி அது. ஏமாற்றுகிறவனும் இல்லை, ஏமாறுகிறவனும் இல்லை. இது எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும்.

எழுத்தன் என்னைப் பார்த்தான். "என்ன சொல்கிறான்?"

"வடக்கே, சுண்ணாம்புக்குளம் பக்கம் போனதாகச் சொல்கிறான்."

எழுதிக்கொண்டான். அந்தத் தாளின் தலைப்பில் எப்போதும்போல பறங்கி மொழியில் ஒரு வாசகம் இருந்தது: 'இன்னார், துபாஷி மூலமாகத் தன் வாக்கைக் கொடுத்துச் சொல்வதாவது.' எல்லாத் தாளிலும் அதுதான் இருக்கும். நூறு தடவை பார்த்தது என்பதால் அன்று பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். அந்த நேரத்தில் என் மனதில் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். காலையில் சாப்பிடாமல் கிளம்பியிருந்தேன். பசி இருந்தது. வேறொன்றும் இல்லை.

மதியத்துக்குள் எல்லப்பனைப் பிடித்துக் கோட்டைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். வந்த தோணிகளில் வடக்கே போனதாகச் சொன்னது அவன் ஒருவன்தான். கோட்டைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவன் எதிரே நின்றான். நடுவில் நான்.

இப்போது கேட்டபோது எல்லப்பன் உள்ளதைச் சொன்னான். தெற்கே, காட்டூர் ஓடை வாயில், அன்று அவன் முறைக்கு வந்த பாட்டில் வலை போட்டிருந்தான். ஸ்பானியனை அவன் கண்ணாலும் பார்த்ததில்லை.

"காலையில் வடக்கு, மதியம் தெற்கு" என்றார் தலைவர்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் எல்லப்பன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "மரைக்காயரே, கரையில நீங்க கேட்டதுக்கு நான் சொன்னது அது. அது ஒரு கேள்வியா? நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாதா?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் நன்றாகப் பார்க்க வேண்டும். எனக்கு நேரம் இருந்தது. மொழி இருந்தது. ஐந்து சொற்களுக்கும் வித்தியாசம் தெரிந்திருந்தது, என் கையாலேயே பட்டியல் போட்டவன் நான். "ஐயா, அந்தத் தாள் தப்பு. அவன் வாக்குக் கொடுக்கவில்லை, நான்தான் கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டேன்" என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். நான் சொன்னது என்ன தெரியுமா? "இந்த ஜனங்களுக்குள் ஏதோ ஒரு வழக்கம் இருப்பதாகத் தெரிகிறது, ஐயா."

இருப்பதாகத் தெரிகிறது!

தலைவர் தாளைத் தூக்கிப் பிடித்தார். "இது உன் கையெழுத்தா?"

"ஆமாம்."

"வாக்குக் கொடுத்தான் என்று இருக்கிறதே, கொடுத்தானா?"

"எழுதியிருப்பது அப்படித்தான், ஐயா."

என் வாழ்க்கையில் நான் பேசிய மொழிகள் ஆறு. ஆறிலும் சேர்த்து இதைவிடக் கேவலமான வாக்கியத்தை நான் சொன்னதில்லை. பொய் இல்லை, பாருங்கள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. துபாஷியின் கோழைத்தனம் எப்போதும் இப்படித்தான் குளித்து வெள்ளை உடுத்திக்கொண்டு வரும்.

கைதி தப்ப உதவியதற்கும் பொய்வாக்குக் கொடுத்ததற்கும் தண்டனையாக எல்லப்பனைக் கடல் கடந்து படாவியாவுக்கு, ஒல்லாந்தரின் கீழைநாட்டுத் தலைநகருக்கு, அடிமையாக அனுப்பத் தீர்ப்பானது. துறைக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த கப்பலில் துணி மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. அடிமைகளாக அனுப்ப இருந்தவர்களைக் கோட்டைக் கிடங்கில் அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களோடு அவனையும் தள்ளினார்கள். அந்தக் கப்பலில் போன யாரும் திரும்பி வந்ததாக என் குறிப்பில் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் சத்தம். எல்லப்பனின் மனைவி அங்கம்மா நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் அவன் வலை.

"ஏ துபாசி மரைக்காயரே! வெளிய வா! தெருவுல இருக்கிறவங்க எல்லாம் வாங்க! இந்த வலைய பாருங்க. இன்னா சேறு இது? கருப்பு சேறு. வடக்க ஏதுய்யா கருப்பு சேறு? பொறந்ததுலருந்து இந்த ஊரு எறாவத் தின்னு ஒடம்ப வளத்துக்கிற, அது எங்க கெடைக்கும்னு உனக்குத் தெரியாது?"

"உள்ள வாம்மா, உக்காந்து பேசலாம்."

"உள்ள வந்தா நான் ஒண்ணு சொல்ல நீ வேற ஒண்ணு எழுதிக்குவ. இங்கியே நிக்கிறேன். நாலு பேரு காது இருக்கு."

பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். "சிரி, சிரி. நாளைக்கு உன்னையும் எங்க போறேன்னு கேப்பாரு. பதில் சொல்லி வெச்சிடாத, படாவிக்கு ஏத்திடுவாரு."

என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

"உன் துரைய நாளைக்குக் காலைல கரைக்கு இட்டுக்கினு வா. வர்ற தோணிய எல்லாம் அவரு வாயாலயே கேக்கச் சொல்லு. எவன் எத சொல்றான்னு பாக்கட்டும்."

"குப்பத்துல முன்னாடியே சொல்லி வைக்கலாமா?"

"சொன்னா செத்தேன். பயந்துகினு எல்லாரும் உள்ளத சொல்லிடுவானுங்க. அப்பால எங்கூட்டுக்காரன் ஒருத்தன்தான் ஊர்லயே பொய்யன்."

"சொல்லாம வுட்டு, துரை கோவப்பட்டு எல்லாரையும் புடிச்சிட்டா?"

அவள் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அதுக்குத்தான் நீ இருக்க. எங்கள மாட்டிவுட மட்டுந்தான் வாய் இருக்குதா உனக்கு?"

தொழுகை முடிந்த பிறகும் பள்ளிவாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். காலையில் பத்துத் தோணியாவது வரும். பத்துப் பேரும் தலைவரின் முகத்துக்கு நேரே பொய்த்திசை சொல்வார்கள். அவர் சிரித்தால் ஒருவன் பிழைப்பான். அவர் முறைத்தால் பதினொரு பேர் கிடங்கில் இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லாமல் அவர்களைப் பணயம் வைக்க நான் யார்? சொல்லி வைத்தால் எல்லப்பன் போனான். இரண்டு பக்கமும் யோசித்து ஒரே ஒரு வழிதான் கண்டேன்: பணயத்தில் வைக்க வேண்டிய ஆள் நான்.

சாயங்காலம் தலைவரிடம் போனேன். "தாள் தப்பு, நான் தப்பாகக் கையெழுத்துப் போட்டேன். நாளைக் காலையில் துறையில் நிரூபிக்கிறேன். அங்கே யார் என்ன சொன்னாலும் அதற்காக யாரையும் பிடிப்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நிரூபிக்க முடியாவிட்டால் என்னைக் கிடங்கில் போடுங்கள்" என்றேன். ஒப்புக்கொண்டார். நியாயத்துக்காக ஒப்புக்கொண்டார் என்று நினைக்காதீர்கள். பொழுது போகாத மனிதர், நான் ஒரு வேடிக்கை காட்டுவதாகச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை அவர் தொப்பியும் வாளுமாகத் துறைக்கு வந்தார். கோட்டை மதிலில் ஒரு சிப்பாயைத் தூரக்கண்ணாடியோடு நிறுத்தியிருந்தார்கள். எந்தத் தோணி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அவன் கொடியால் காட்டிக்கொண்டே இருந்தான்.

தெற்கிலிருந்து வந்த முதல் தோணிக்காரனைக் கேட்டேன். வடக்கே என்றான். முகத்துவாரத்திலிருந்து வந்த அடுத்தவன், தெற்கே என்றான். மூன்றாவது தோணி பாதிக்கு மேல் மடவை மீனோடு தாழ்ந்து வந்தது. அதில் இருந்த கிழவர் தலைவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "எங்கியும் போல துரை. தோணி அழுக்கா இருந்திச்சி, கழுவிக்கினு வரலாம்னு போனேன்" என்றார். மீன்கள் அவர் முழங்காலில் மோதித் துள்ளிக்கொண்டிருந்தன. மதிலில் கொடி வடக்கைக் காட்டியது. நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் பறங்கி மொழியில் சொன்னேன். தலைவரின் புருவம் மேலே போயிற்று. அது எந்தப் பக்கம் இறங்குமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார்.

ஆறாவதாக வந்தவன் சிப்பாய்களையும் வாளையும் பார்த்தான். தோணியைக் கரையில் இடிக்கவிட்டு, இறங்காமல் நின்றான். நான் கேட்டேன். அவன் தலைவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மரைக்காயரே, இது கரைப் பேச்சா, கேள்வியா?"

அதை அப்படியே சொன்னேன். தலைவர் முன்னால் வந்தார். "கேள்வி என்று சொல்" என்றார்.

"கேள்விதாம்பா."

அவன் தோணியை விட்டு இறங்கினான். ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளி வாயைக் கொப்பளித்துத் துப்பினான். ஈரம் இல்லாத மணலுக்கு நடந்துவந்து இரண்டு காலையும் சேர்த்து நின்றான். "தெக்க, காட்டூர் ஓடை. முந்தாநாளும் அங்கதான் இருந்தேன். எல்லப்பன் என் பக்கத்துப் பாட்டுல வலை போட்டுக்கினு இருந்தான். விடியறதுக்கு முன்னாடிலருந்து வெயில் ஏர்ற வரைக்கும் அவன் எங்கியும் போல. இது என் வாக்கு."

தோணியில் கால் இருக்கும்வரை பேச்சு. வாய் கொப்பளித்து உலர்ந்த மண்ணில் நின்றால் வாக்கு. ஸ்பானியர் எனக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கக் கத்திச் சொல்லிக்கொடுத்த வித்தியாசம் இந்தக் குப்பத்தில் ஒவ்வொருவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எல்லப்பனைக் கேட்ட அன்று அவன் கால் எங்கே இருந்தது என்று நான் பார்க்கவும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

தலைவர் முட்டாள் இல்லை. எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம். ஒரு காலைப்பொழுதில் புரிகிற விஷயம், புரிந்துகொள்ள ஒருவனும் அதுவரை கரைக்கு வரவில்லை. ஸ்பானியர் தோணியே இல்லாமல் கடலோர மணல்திட்டு வழியாக வடக்கே நடந்துபோனார் என்று சில நாள் கழித்து உப்பளத்து ஆட்கள் சொன்னார்கள். கரையில் கிடந்த தொப்பி, தேடுகிறவர்களுக்காக அவரே போட்டுவிட்டுப் போனதோ என்னவோ. அகப்படவே இல்லை. நல்ல ஆசான்தான். ஆனால் அவர் போன வழியில் ஒரு மீனவன் கிடங்குக்குப் போனான் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

கோட்டைக்குத் திரும்பியதும் தலைவர் சொன்னார்: "தாள் என்று ஒன்று இருக்கிறது. அதில் பொய் இருக்கிறது. அவன் பொய் சொல்லவில்லை என்றால் பொய் உன்னுடையது. எழுதிக் கொடு. எழுதிய நிமிஷத்திலிருந்து நீ இந்தக் கோட்டையின் துபாஷி இல்லை."

எழுதிக் கொடுத்தேன். அச்சாகப் பழகிய வாசகம் எதுவும் இல்லாமல், சொல் சொல்லாக நானே யோசித்து எழுதிய முதல் தாள் அது. 'எல்லப்பன் தோணியிலிருந்து பேசினான். வாக்குக் கொடுக்கவில்லை. வாக்கு என்று ஒப்பமிட்டவன் நான்.'

அந்தத் தாளோடு எழுத்தனும் நானும் கிடங்குக்குப் போனோம். அங்கம்மா வெளியே நின்றிருந்தாள். கதவைத் திறந்து எல்லப்பனைக் கூப்பிட்டார்கள். இரண்டு நாளில் அவன் முகம் வேறாகியிருந்தது. அவள் ஓடிப்போய் முதல் காரியமாக அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "வடக்க போனியாம் வடக்க! தெக்கன்னு சொல்லித் தொலைச்சா இன்னா, எறா எந்திரிச்சி ஓடிடுமா?" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கிடங்கின் உள்ளே சத்தம் கிளம்பியது. கரையில் நடந்தது காவலாளிகள் மூலம் உள்ளே போயிருக்கிறது. இருட்டிலிருந்து ஆட்கள் வாசலை நோக்கி நெருக்கிக்கொண்டு வந்தார்கள்.

"துபாசி! என் தாளையும் படி!"

"மரைக்காயரே, நானும் தோணியில இருந்துதான் சொன்னேன்! என்னை எறங்கவே வுடல!"

"என்னை ஒரு வார்த்தை கேக்கல! என் பேருல இன்னா எழுதிக்கிறாங்க? அத மட்டும் சொல்லிட்டுப் போ!"

ஒரு பெண் குரல் தெலுங்கில், தன் நைனா தன்னை விற்கவில்லை, விற்றதாக யார் எழுதியது என்று கேட்டுக்கொண்டே இருந்தது. காவலாளிகள் ஈட்டிக் கட்டையைக் குறுக்கே வைத்துத் தள்ளினார்கள்.

எழுத்தனிடம் திரும்பினேன். "இவர்களுடைய தாள்களை எடுத்து வா. நான் படிக்கிறேன்."

"நீங்கள் இப்போது துபாஷி இல்லையே" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று சொல்வதுபோல் சொன்னான். கதவைச் சாத்தினார்கள். சாத்திய பிறகும் மரத்துக்குப் பின்னால் என்னைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. எல்லப்பனும் அங்கம்மாவும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் துறைப் பக்கம் நடந்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல ஒன்றும் இல்லை.

பிறை பதினைந்து, திங்கட்கிழமை, கப்பல் புறப்பட்டது. ஐந்து மாதம் கழித்து, வேறு ஆள் கிடைக்காததால் என்னை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். வயிறு இருக்கிறதே. முதல் நாளே அந்தக் கப்பலில் போனவர்களின் தாள்களைக் கேட்டேன். ஆட்களோடு தாள்களும் கப்பலில் போய்விடும், அதுதான் முறை என்றார்கள். ஆகவே அவற்றில் எத்தனை தாள்களில் என் கையெழுத்து இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒன்பது வருஷக் கையெழுத்து. நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். அன்றன்று காற்று எந்தத் திசை, பிறை என்ன, எந்தக் கப்பல் வந்தது, எல்லாம் இருக்கிறது. யாருக்கு என்ன எழுதிக் கையெழுத்திட்டேன் என்பது இல்லை.

நேற்றுத் துறைக்குப் போயிருந்தேன். வெளியே ஒரு கப்பல் நங்கூரம் போட்டிருக்கிறது. மூட்டை ஏறிக்கொண்டிருக்கிறது, இன்னும் நான்கைந்து நாள் ஆகும் என்றார்கள். கிடங்கில் ஆள் இருக்கிறது, சோறு எடுத்துப் போவதைப் பார்த்தேன். தாள்கள் இன்னும் கப்பலில் ஏறவில்லை. எழுத்தன் அறையில், சன்னலுக்குக் கீழே உள்ள பெட்டியில் இருக்கும். எனக்கு அந்த அறைக்குள் போக இப்போது உரிமை இல்லை. உங்கள் நான்கு பேருக்கும் இருக்கிறது.

இதைப் படித்து முடித்ததும் எழுந்து போங்கள்.